தீவிலிருந்து கல் வேண்டாம்

பாம்பன் கடலில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட பிறகு இராமேசுவர யாத்திரை மீண்டும் எளிதாகியிருக்கிறது. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது முதல், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் கடலுக்கு இப்பாலேயே நின்றன. மூட்டை முடிச்சுகளுடனும் வயதானவர்களுடனும் பஸ் மாறியவர்களுக்கு அந்த அல்லல் தெரியும். இப்போது ரேணிகுண்டா வட்டாரத் தமிழர்கள் திருப்பதியில் ரயில் ஏறினால் தீவிலேயே இறங்கலாம். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் பிதுர்க்கடன் கழிக்கச் செல்லும் குடும்பங்கள், தெலுங்கு பேசும் அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்வதுண்டு. நல்ல காரியமே. திரும்பும்போது பையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கரையில் ஒதுங்கிய வெள்ளைக் கல்லைப் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். பூப்போன்ற கல்லை யாரேனும் விற்றால் பெரியவர்கள் வாங்குகிறார்கள். அது கல் அல்ல. பவளம் என்னும் சிறு உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய சுண்ணாம்புக் கூடு. பாறைபோல் திரளும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. தலையளவுக் கல் ஒன்று உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். (மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் வேறு. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலிலிருந்து வருவது.)

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. மண்டபத்துக்கு அருகிலுள்ள குருசடை, மனோலி, முயல் தீவு முதலியவை இவற்றில் சேர்ந்தவை. இத்தீவுகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பவளங்கள் வாழ்கின்றன. மீன் குஞ்சு பொரித்து வளர்வதும் அங்கேதான், அலையின் வேகத்தைத் தணிப்பதும் அந்தப் பாறைகளே. இப்பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும், அதற்குப் பின் பல ஆண்டுகள் வரையிலும், முருகைக்கல் என்ற பெயரில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றினார்கள். விளைவு? பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போயின. 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு தனுஷ்கோடியையே பறிகொடுத்த மக்களுக்கு, கரையைக் காக்கும் பாறை எவ்வளவு பெரிய துணை என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டுவது குறைந்த பிறகு வெப்பம் வந்தது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால், பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. பவளம் வெளுக்கிறது. சூடு நீடித்தால் மடிகிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் இது பெருமளவில் நேர்ந்தது. உலகக் கடல்களின் சூட்டைத் தணிக்க ரேணிகுண்டா தொழிலாளியால் ஆகாது. ஒரு கல்லை அது கிடந்த இடத்திலேயே விட்டுவர அவரால் ஆகும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2001 முதல் பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலிக்கும் யானைக்கும் சமமாக இடம்பெற்றுள்ளன. வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்; மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. தெரியாமல் வாங்கினேன் என்று ஏழைக் கலாசி சொன்னால் வனத்துறை அதிகாரி ஏற்றுக்கொள்வார் என்று யாரும் உறுதி கூற முடியாது.

இன்னொன்று, அக்னி தீர்த்தத்தில் நீராடியபின் உடுத்த துணியைக் கடலிலேயே விட்டுவருவது. பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. அலையோடு சென்று பாறையை மூடிக்கொள்கிறது. குளித்து எழுந்து, அதைக் கரையிலுள்ள தொட்டியில் போட்டால் பக்திக்கு என்ன குறை வந்துவிடும்?

எச்சரிக்கை என்றால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்பதோடு கடமை முடிந்ததாகக் கருதும் வழக்கம் போதாது. இந்தத் தீவுக்கு ஆந்திரத்திலிருந்து வருவோர் கொஞ்சமல்ல. இராமேசுவரம் நிலையத்தில் மட்டுமன்றி, வண்டி புறப்படும் திருப்பதியிலும் தெலுங்கில் ஒரு பலகை வைக்க ரயில்வே நிர்வாகம் முன்வர வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதுவரை, இரு மொழியும் அறிந்த இங்குள்ள தமிழர்கள் உடன் வரும் தெலுங்கு நண்பர்களுக்கு வண்டியிலேயே இதைச் சொல்லிவிடலாம். அடுத்த தை அமாவாசைக் கூட்டத்துக்கு முன் பலகையும் வந்துவிட்டால் நல்லது.