அலமாரியில் உறங்கும் கேஸட்டுகள்

 

நம்மவர் வீடுகள் பலவற்றில் அலமாரியின் மேல்தட்டைத் துழாவினால் நான்கைந்து வீடியோ கேஸட்டுகள் கிடைக்கும். சவூதியிலும் துபாயிலும் பாடுபட்டுக்கொண்டிருந்த வாப்பாமார்களுக்காக எடுத்தனுப்பிய நிக்காஹ், சுன்னத், பெயர் சூட்டும் வைபவங்கள் அவை. மவ்த்தாகிவிட்ட பெரியவர்களின் நடையும் குரலும் அந்த நாடாவிலன்றி வேறெங்கும் இல்லை. படம் எடுப்பது குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; அதற்குள் நான் இங்கே புகவில்லை. இருக்கின்ற கேஸட்டை என்ன செய்வது என்பதே இம்மாதப் பேச்சு.

கடையில் கொடுத்தால் பிரதியெடுத்துத் தருவார்கள்தாம். ஆனால், பெண்கள் பகுதியில் திரையின்றி அமர்ந்திருந்த தாய்மார்களும் அதில் இருக்கிறார்களே! அன்னியர் ஒருவரின் கணினியில் அக்காட்சிகள் தங்கிவிடாது என்பதற்கு யார் பொறுப்பு? அது அமானிதம். வீட்டிலேயே செய்துகொள்வதுதான் நலம், கடினமான வேலையுமன்று.

கடைசிவரை வீடியோ டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே, உறவினர் வீட்டில் ஓடும் நிலையில் டெக் இருந்தால் இரவல் வாங்குங்கள்.

முதலில் கேஸட்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற சிறு சன்னல் வழியே நாடாச் சுருளில் வெண்பொடி தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு இது தப்புவது அரிது. அத்தகைய கேஸட்டை டெக்கில் இடவே கூடாது. நாடா அறுந்துபோகலாம், டெக்கின் 'ஹெட்'டில் ஒட்டிய பூஞ்சை அடுத்த கேஸட்டையும் கெடுக்கும். அதை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் எடுத்துச் சென்று, வீட்டார் ஒருவர் உடனிருந்து சுத்தம் செய்வித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல கேஸட்டின் முதுகுப்புற ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை ஒடித்துவிடுங்கள். பிறகு கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது. முதல் ஓட்டத்தை, போனாலும் கவலையில்லாத ஏதேனும் ஒரு சினிமாக் கேஸட்டில் நடத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இனி இணைப்பு. இரு கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, டெக்கின் பின்புறம் 'அவுட்' என்றுள்ள துளைகளிலிருந்து டி.வி.யின் 'இன்' துளைகளுக்கு ஒயரைச் செருகுங்கள். மஞ்சள் படத்திற்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பழைய டெக்குகள் பலவற்றில் ஒலிக்கு ஒரே துளைதான். வெள்ளை மட்டும் போதும். புதிய டி.வி.க்கள் சிலவற்றில் மூன்றுக்கும் பதிலாக 'ஏவி' என்ற ஒரே சிறு துளை இருக்கும். அதற்கான இணைப்பு ஒயர் தனியே கிடைக்கிறது. பிறகு ரிமோட்டில் 'ஏவி'யைத் தேர்ந்தால் படம் வரும். வெண்கோடுகள் ஓடினால் டெக்கின் 'டிராக்கிங்' பொத்தானை மெல்லத் திருப்புங்கள்.

படம் தெளிவானதும், அதே ஒயர்களை 'வீடியோ கேப்சர்' என்னும் சிறு கருவியில் செருகிக் கணினியுடன் இணைத்தால் பதிவாகிவிடும். மூன்று மணி நேரக் கேஸட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், விரைவுபடுத்த வழியில்லை. பெண்கள் பகுதி ஓடும்போது அறையில் வீட்டுப் பெண்களே இருக்கட்டும். திரையில் வருகின்றவர் யார், யாருக்கு என்ன முறை என்று மூத்த பெரியம்மாவிடம் கேட்டு ஒருத்தி எழுதிக்கொண்டே வரட்டும். அந்தப் பெயர்கள் நாடாவிலும் இல்லை.