தோலில் இருந்த கிருமிக்கு ரத்தத்தில் மருந்து

போன மாதம் அம்பத்தூரில் நடந்த மருத்துவர் கூட்டமொன்றில் மூத்த மருத்துவர் ஒருவர் பேசினார். ப்ளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் ஆன்டிபயாடிக் கொடுத்தே ஆகவேண்டுமாம். 'கண்டாமினேஷன்' (வெளியிலிருந்து கிருமி கலந்துவிடுவது) என்பது லேப்காரர்கள் தங்கள் தவறை மறைக்கக் கண்டுபிடித்த சொல்லாம். அதுவும் நூற்றுக்கு மூன்றுதானாம். ஒரு பாட்டில் போதுமாம், இரண்டாவது செட் பாட்டில்கள் கேட்பது நோயாளியிடம் காசு பிடுங்கும் வேலையாம். அரங்கம் கைதட்டியது. சிடிஎச் ரோட்டை ஒட்டிய மருத்துவமனைகளின் பாட்டில்களை லேபில் 20 வருடமாகப் பார்த்து வருபவன் நான். அவர் சொன்னதில் ஒன்றுகூட நிற்காது.

கிருமி எங்கே நுழைகிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நின்று பார்க்கட்டும். முப்பது படுக்கைக்கு ஒரே சிஸ்டர். ஏற்கெனவே போட்டிருக்கும் வென்ஃப்ளான் ஊசிக்குழாயிலிருந்தே ரத்தம் இழுக்கிறார். இல்லாவிட்டால் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, அது காய்வதற்குள் நரம்பைத் தேடி விரலால் மறுபடி ஒரு தடவல், அதே இடத்தில் ஊசி. பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுக்கிறார். அடியில் இருக்கும் ரப்பர் ஸ்டெரைல் என்று நினைத்துத் துடைக்காமல் குத்துகிறார். அது ஸ்டெரைல் அல்ல. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் தோலில் குடியிருந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் பாட்டிலுக்குள் போவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான்.

லேபில் தவறே நடக்காது என்று நான் வாதாடவில்லை. கல்ச்சர் மெஷின் கவனிப்பது பாட்டிலில் உண்டாகும் கரியமில வாயுவை. லுக்கேமியாவில் வெள்ளணு எக்கச்சக்கமாக ஏறிய ரத்தமும், அளவுக்கு மேல் நிரப்பிய பாட்டிலும் கிருமி இல்லாமலேயே அதை ஒலிக்க வைக்கும். கிராம் ஸ்டெயினைப் பார்க்காமல் 'பாசிட்டிவ்' என்று வார்டுக்குப் போன் செய்தால் அது எங்கள் குற்றம்.

ஆனால் 'கண்டாமினேஷன்' நாங்கள் கண்டுபிடித்த சொல்லா? 1980இல் நியூயார்க்கில் நான்கு மருத்துவமனைகளில் 52 நோயாளிகளின் கல்ச்சரில் ஒரே வகைக் கிருமி வளர்ந்தது. தேடிப் போனபோது, தோலைச் சுத்தம் செய்யும் போவிடோன் அயோடின் கரைசலுக்குள்ளேயே அது உயிரோடு இருந்தது. பாசிட்டிவ் வந்தாலே மருந்து என்பவர், அந்த 52 பேருக்கும் எதற்காக ஊசி போடுவார்?

நூற்றுக்கு மூன்று என்பது சின்னக் கணக்கு என்பதும் தப்பு. 100 செட்டில் 10 பாசிட்டிவ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் மூன்று பொய். அவர் கைக்கு வரும் பாசிட்டிவ் ரிப்போர்ட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. இரண்டு கையிலும் தனித்தனியாகக் குத்தி இரண்டு செட் எடுத்தால், இரண்டிலுமே தோல் கிருமி ஏறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்பதாகச் சுருங்குகிறது. அவர் காசு பிடுங்கல் என்று சொன்ன அந்த இரண்டாவது செட் செய்யும் வேலை இது.

காசு பற்றியே பேசுவோம். பட்டாபிராமிலிருந்து ஒரு அம்மா, காய்ச்சலோடு அட்மிஷன். மகனுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒரே பாட்டில்தான் அனுப்பினார்கள், நாற்பது மணி நேரம் கழித்து மெஷின் ஒலித்தது. ஸ்லைடில் கொத்துக் கொத்தாக ஊதா உருண்டைகள். தோல் கிருமியாகத்தான் இருக்கும், இன்னொரு செட் அனுப்புங்கள் என்றேன். அனுப்பவில்லை, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஏறியது. காய்ச்சல் தானாகவே விட்டது, டெங்கு. ஆறாம் நாள் கிரியேட்டினின் 0.9இலிருந்து 2.4, சிறுநீரகம் அடிவாங்கிவிட்டது. வட்டிக்கு வாங்கிய பணத்தோடு மகன் பில்லிங் கவுன்டரில் நின்றதை நான் பார்த்தேன். ஒரு செட்டின் விலையை மிச்சம் பிடித்தவர்கள் அந்த வீட்டுக்கு வைத்த செலவு அது. 1991இல் வெளியான பாஸ்டன் ஆய்வும் இதையே சொன்னது: பொய் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு நரம்பு வழி ஆன்டிபயாடிக் செலவு மட்டும் 39 சதவீதம் கூடுதல்.

ஆன்டிபயாடிக்கை விரயம் செய்யாதீர்கள் என்று 2012இல் இந்திய மருத்துவர்கள் கூடி எழுதிய ஆவணத்துக்குப் பெயர் சென்னைப் பிரகடனம். அதே சென்னையில் இந்தப் பேச்சுக்குக் கைதட்டல்.

உண்மையான கிருமியைத் தவறவிட்டுவிடுவோம் என்ற பயம்தான் அவருடைய கடைசி அரண். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலை, கேண்டிடா வந்தால் ஒரு பாட்டிலில் வந்தாலும் நாங்கள் அலட்சியம் செய்வதில்லை, உடனே போன் போகும். தவறவிடுவது அவருடைய ஒற்றைப் பாட்டில்தான். பெரியவர்களுக்கான பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். எனக்கு வருவதில் பல 2 மில்லி, 3 மில்லி. டைபாய்டு கிருமி ஒரு மில்லிக்கு ஒன்றுகூடத் தேறாமல் இருக்கும், அத்தனை குறைந்த ரத்தத்தில் அது எப்படிச் சிக்கும்? சில பாட்டில்கள் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்துவிட்டு ஜில்லென்று வந்து சேர்கின்றன. அதில் வளர வேண்டிய கிருமியும் வளராமல் போகலாம்.

அவருடைய மருத்துவமனையில் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை செட் எடுத்தார்கள், எத்தனை ஒற்றைப் பாட்டில், எத்தனை தோல் கிருமி, அதில் எத்தனை பேருக்கு வான்கோமைசின் ஏறியது? இந்த நான்கு எண்களையும் அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் அவர் வைக்கட்டும். எங்கள் லேபின் எண்களோடு நான் வருகிறேன்.