உஸ்தாத் களத்தில் இறங்க வேண்டும்

2010ஆம் ஆண்டு கோடையில் டுவைட் ஹோவர்டுக்கு வயது 24. அமெரிக்க என்.பி.ஏ. லீக்கில் சிறந்த தற்காப்பு வீரர் என்ற விருதை அப்போதுதான் இரண்டாவது முறையாக வாங்கியிருந்தார். தோள்களைப் பார்த்தால் கல்லில் செதுக்கியது போலிருக்கும். ஆனாலும் ஒரு குறை. கூடைக்குப் பக்கத்தில் பந்து கிடைத்தால் எகிறித் திணித்துவிடுவார். அதைத் தடுத்துவிட்டாலோ, அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. அந்தக் கோடையில் அவர் ஹூஸ்டனுக்குப் போய் ஹக்கீம் ஒலாஜுவனிடம் பாடம் கேட்டார். 2002ல் ஓய்வு பெற்ற ஹக்கீமுக்கு அப்போது 47 வயது.

அடுத்த சீசனில் ஹோவர்டின் சராசரி ஆட்டத்துக்கு 18.3 புள்ளிகளிலிருந்து 22.9 ஆக ஏறியது. முன்பைவிட அதிக முறை கூடையை நோக்கி எறிந்தும் 59.3 சதவீதம் உள்ளே விழுந்தது. ஓய்வு பெற்ற மேதைகளை அழைத்து வந்தால் சென்டர்கள் திருந்திவிடுவார்கள் என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். இது பாதி உண்மைதான்.

சென்டர் என்பவர் பொதுவாக அணியிலேயே உயரமானவர். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, திரும்பிப் போடுவதைத்தான் ‘போஸ்ட்’ ஆட்டம் என்கிறார்கள். எதிராளி நிற்பது பின்னால். அவர் எந்தக் காலில் பாரத்தை வைத்திருக்கிறார், எந்தத் தோளைச் சாய்க்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, முதுகால்தான் உணர வேண்டும். ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டால் அதை நகர்த்தக் கூடாது. மற்ற காலைச் சுழற்றித்தான் ஏமாற்ற வேண்டும். முதல் அசைவை எதிராளி நம்பினால் இரண்டாவது அசைவில் கூடை திறந்திருக்கும். நம்பாவிட்டால் முதல் அசைவிலேயே பந்தைப் போட்டுவிடலாம். ஹக்கீமின் புகழ்பெற்ற ‘ட்ரீம் ஷேக்’ முழுக்க இந்தக் கணக்குதான்.

இதைச் சொல்லிக் கொடுக்க எகிறும் கால்கள் தேவையில்லை என்பதுதான் முதியவர்களுக்கு உள்ள வசதி. கால் வைக்கும் இடமும் வேகத்தை அடக்கும் நிதானமும் வயதானால் போய்விடுவதில்லை. பயிற்சியாளர் பலகையில் வரைந்து காட்டும் ஒன்றை, முதுகில் ஆயிரம் முழங்கைகளை வாங்கியவர் தோளைத் தொட்டே காட்டிவிடுவார்.

ஆனால் ஹக்கீம் தானே எப்படிக் கற்றார்? நைஜீரியாவின் லாகோஸ் நகரில் கால்பந்தில் கோல்கீப்பராக நின்ற பையன் அவர். ஹேண்ட்பாலும் ஆடினார். கூடைப்பந்தைத் தொட்டபோது ஏறத்தாழ 15 வயது. 1980ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் கய் லூயிஸ் ஒரு நல்ல காரியம் செய்தார். கோடை விடுமுறையில் பையனை நகரின் ஃபாண்டே பொழுதுபோக்கு மையத்துக்கு அனுப்பி, மோசஸ் மலோனோடு ஆட வைத்தார். மலோன் அப்போது ஓய்வு பெற்றவர் அல்ல. 1979ல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கி, உச்சத்தில் இருந்தவர்.

மலோன் அதிகம் பேசுகிறவர் அல்ல. இடித்தார், தள்ளினார், பையன் கைக்கு வர வேண்டிய பந்தைப் பிடுங்கினார். கோடைக்குக் கோடை இதுவே நடந்தது. வடநாட்டு அகாடாக்களில் உஸ்தாத் தானே மண்ணில் இறங்கி சீடனைப் புரட்டி எடுப்பதில்லையா, அதே முறைதான். வேடிக்கை என்னவென்றால், ஹக்கீம் கடைசியில் மலோன் மாதிரி ஆடவேயில்லை. மலோனுடையது மோதி முட்டும் ஆட்டம். ஹக்கீமுடையது ஏறக்குறைய நடனம். அந்தக் கால்கள் கால்பந்தில் பழகியவை. மலோனிடம் அவர் கற்றது உடம்பால் அழுத்தும் ஒருவருக்கு முன்னால் பதறாமல் நிற்பதை. 1995ல் அந்த ஆண்டின் மதிப்புமிக்க வீரரான டேவிட் ராபின்சனுக்கு எதிராக ஆறு ஆட்டங்களில் சராசரி 35.3 புள்ளிகள் எடுத்தபோது இந்த இரண்டு படிப்பும் சேர்ந்தே தெரிந்தன.

ஹோவர்டுக்குக் கிடைத்த படிப்பு வேறு மாதிரி. ஹக்கீமிடம் சில நாட்கள். சொந்த அணியான ஆர்லாண்டோவில் 2007லிருந்து உதவிப் பயிற்சியாளராக இருந்த பேட்ரிக் யூவிங்கிடம் தினந்தோறும். 22.9 என்ற உயர்வில் யூவிங்கின் பங்கை யாரும் பெரிதாகப் பேசவில்லை. தினமும் கூடவே இருப்பவரை யார் கவனிக்கிறார்கள்? 2012ல் ஹோவர்டுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது, அணி மாறினார், யூவிங்கும் கூட இல்லை. 2013ல் ஹக்கீமின் ஊரான ஹூஸ்டன் அணிக்கே வந்தார். அந்த சீசன் சராசரி மறுபடியும் 18.3. அவர் பெரிய வீரர்தான், 2025ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் தேர்வானார். ஆனால் அந்த 22.9ஐ மீண்டும் எட்டவில்லை.

கரீம் அப்துல்-ஜப்பார் கதையும் இதையே சொல்கிறது. 2005ல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி, 17 வயதில் தேர்வான ஆண்ட்ரூ பைனத்துக்குக் கற்றுக் கொடுக்க அவரை நியமித்தது. கரீமின் ‘ஸ்கை ஹூக்’ எறிதலைத் தடுக்க அவர் காலத்தில் வழியே இருக்கவில்லை. அதை பைனம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கூடையடியில் கால் வைப்பது சீரானது. 2012ல் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். பிறகு முழங்கால்கள் கைவிட்டன. அதற்கு எந்த குருவாலும் மருந்து தர முடியாது.

தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிவதே இன்றைய ஆட்டம், போஸ்ட் செத்துவிட்டது என்பவர்கள் உண்டு. 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் மதிப்புமிக்க வீரர் நிக்கோலா யோகிச். 2023ல் ஜோயல் எம்பீட். இருவருமே கூடைக்கு முதுகைக் காட்டி ஆடத் தெரிந்த சென்டர்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பஞ்சாபின் ஏழடி இரண்டு அங்குல சத்னாம் சிங்கை 2015ல் டல்லாஸ் அணி 52வது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது தேசமே கைதட்டியது. அவர் ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடவில்லை. உயரத்தை நாம் கண்டுபிடித்துவிடுகிறோம், கால்களுக்குப் படிப்பு சொல்லத்தான் ஆளில்லை. ரயில்வேயிலும் காவல் துறையிலும் வேலை பார்த்தபடி இந்தியாவுக்கு ஆடிய உயரமான மனிதர்கள் ஓய்வு பெற்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்து சால்வை போர்த்தி அனுப்புவதில் பயனில்லை. கோடை விடுமுறை முழுக்க ஒரு மைதானத்தையும் நான்கு உயரமான பையன்களையும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். அடுத்த கோடையிலும் அதே பையன்கள் அங்கே வர வேண்டும்.