நிலவும் மேடையும்: நீண்ட ஜூம் காமிராவை மதிப்பிடும் முறை

இல்லத்திற்கென ஒரு காமிரா வாங்க எண்ணும் அன்பர்கள் பலர், கடைக்குச் சென்றதும் முதலில் நோக்குவது பெட்டியின்மீது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ஓர் எண்ணையே. 65 மடங்கு, 83 மடங்கு, 125 மடங்கு என்று அவ்வெண் வளர்ந்துகொண்டே போகிறது. கைப்பேசியால் எட்டிப் பிடிக்க இயலாத தொலைவைப் பிடிக்கும் கருவியாதலால் விலையும் சிறிதன்று. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருள் வேண்டிய வேளையில் கைகொடுக்குமா என்று முன்னரே ஆராய்வது நம் கடமையன்றோ?

நன்கு அறியப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிக்கான் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் பி900 என்னும் காமிராவை 83 மடங்கு ஜூமுடன் வெளியிட்டது. 2018-இல் வந்த பி1000, 125 மடங்கு கொண்டது. 2025-இல் அறிவிக்கப்பட்ட பி1100-உம் அதே 125 மடங்கினது. இவ்வெண்ணின் பொருள் யாது? பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவின் கணக்கில், பி1000-இன் லென்ஸ் 24 மில்லிமீட்டரில் தொடங்கி 3000 மில்லிமீட்டரில் முடிகிறது. 3000-ஐ 24-ஆல் வகுத்தால் 125. ஆகவே இது தொடக்கத்திற்கும் முடிவிற்கும் உள்ள விகிதமேயன்றிப் படத்தின் தரத்தைக் கூறும் எண்ணன்று.

இக்காமிராவைக் கொண்டு முழுநிலவை எடுத்தவர்கள் வியந்து போவர். ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலவு, முழு ஜூமில் படச்சட்டத்தின் உயரத்தையும் கடந்து நிற்கும். பி900-இல்கூட அது சட்டத்தின் முக்கால் பங்கு உயரத்தை நிரப்பும். ஆனால் அதே காமிராவைப் பள்ளி ஆண்டு விழாவிற்குக் கொண்டு சென்று, பின்வரிசையில் அமர்ந்து, 20 மீட்டர் தொலைவில் ஆடும் நம் குழந்தையை எடுத்தால் முகம் கலங்கித் தோன்றக்கூடும். நிலவு எளிதாயும் குழந்தை அரிதாயும் இருப்பது ஏன்?

விடை ஒளியில் உள்ளது. நாம் காணும் நிலவு கதிரவனின் முழு ஒளியைப் பெற்று நிற்கும் பாறை நிலம். அது விரைந்து அசைவதுமில்லை. மேடையிலோ ஒளி குறைவு. குழந்தையோ ஓயாது அசைகிறது.

மேலும், இக்காமிராக்களில் ஒளியை ஏற்கும் சென்சார் ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமுமே உடையது. பழைய பிலிமின் ஒரு சட்டம் 36-க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் ஏறக்குறைய முப்பது மடங்கு பெரியது. சென்சார் சிறியதாயிருப்பதாலேதான் 539 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டே 3000 மில்லிமீட்டரின் பயனைப் பெற முடிகிறது. அதற்கு ஈடாக நாம் இழப்பது ஒளியை. அன்றியும், லென்ஸின் துவாரம் தொடக்கத்தில் எஃப் 2.8 ஆகவும் முழு ஜூமில் எஃப் 8 ஆகவும் அமைகிறது. அதாவது, சென்சாரின்மீது விழும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

ஒளி குறைந்தால் காமிராவிற்கு இரு வழிகளே உண்டு. ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் குழந்தையின் அசைவு கோடாகப் பதியும். ஒளியுணர்வை உயர்த்தினால் புள்ளிகள் மலியும்; அவற்றைக் காமிராவே துடைக்க முயலுகையில் முகம் மெழுகுப் பொம்மையின் முகமாகிவிடும். நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு உண்டே எனலாம். அது நம் கையின் நடுக்கத்தை அடக்குமேயன்றிக் குழந்தையின் ஆட்டத்தை நிறுத்தாது.

அங்ஙனமாயின் மேடைக்கு எவ்வளவு ஜூம் வேண்டும்? 1.2 மீட்டர் உயரமுள்ள குழந்தை 20 மீட்டர் தொலைவில் நிற்கையில், படச்சட்டத்தின் உயரத்தை நிரப்ப 400 மில்லிமீட்டர் போதும். 2014-இல் வெளியான பானசோனிக் எஃப்இசட்1000, 25 முதல் 400 வரை செல்வது. 2017-இல் வெளியான சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு, 24 முதல் 600 வரை செல்வது. பெட்டியில் 16 மடங்கு, 25 மடங்கு என்றே காணப்படும். ஆயினும் அவற்றின் சென்சார் பரப்பில் நான்கு மடங்கு பெரியது. கடைசி எல்லையிலும் துவாரம் எஃப் 4 ஆக நிற்கும். மேடைக்கு உகந்தவை இவ்வகையினவே.

இதனால் பெரிய ஜூம் பயனற்றது என்பதன்று. ஏரியின் மறுகரையிலுள்ள கொக்கையும் கோபுர உச்சியையும் நிலவையும் விரும்புவோர்க்கு அதனினும் ஏற்ற துணை அரிது. நண்பகலைத் தவிர்த்துக் காலையில் எடுப்பது நலம். வெயிலில் நிலத்தின் மேலெழும் வெப்பக் காற்றின் அலைவை எந்த லென்ஸும் திருத்தவியலாது.

கடையில் செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. முதலில் டிஜிட்டல் ஜூமை நிறுத்திவிடுக. அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதே. பின்பு கடையின் மங்கலான மூலையில் நடந்து செல்லும் ஒருவரை முழு ஜூமில் எடுத்து, முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்க. காமிராவைக் கையில் ஏந்தி ஐந்து நிமிடம் நிற்க; பி1000-இன் எடை ஏறக்குறைய 1,400 கிராம். முக்காலியின் விலையையும் கணக்கில் சேர்க்க.

இவற்றிற்குக் கால் மணி நேரமே ஆகும். கடைக்காரர் இசையாவிடில் வேறு கடையை நாடுக. நிலவு அடுத்த திங்களும் முழுமையாய் வரும். குழந்தை முதன்முறையாக மேடையேறும் அந்த மாலை மீண்டும் வாராது.