பிளாட் போட்ட கரிசல்ல என்ன விளையுது?



போன வாரம் ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்தாரு. "அண்ணாச்சி, மூணு ஏக்கரையும் குடுத்துருங்க. சென்ட் 40,000. கார் கம்பெனியே வந்தாச்சு, இன்னும் என்ன யோசனை?"ன்னாரு. நான் ஒண்ணுதான் கேட்டேன்: "கடைசியா இதை வாங்குறவருக்கு வருஷம் என்ன வரும்?" அவரு சிரிச்சிட்டாரு. "வருமானமா? விலை ஏறும்லா அண்ணாச்சி!"

சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் இருந்துக்கிட்டு எங்க பக்கம் பிளாட் வாங்குற உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சில்லாநத்தத்துல வின்ஃபாஸ்ட் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில அடிக்கல் போட்டாங்க, 2025 ஆகஸ்ட்ல திறந்தாங்க. நல்லது, நாலு பேருக்கு வேலை கிடைக்கட்டும். ஆனா அதைக் காட்டி, பல மைல் தள்ளிக் கல்லு நட்டுக் கலர் கொடி கட்டுன கரிசக் காட்டுல என்ன வந்துருக்கு? உடைமரம்தான் வந்துருக்கு.

2005ல சேது சமுத்திரத் திட்டம் தொடங்குனப்பவும் இதே பேச்சுதான். கால்வாய் பாதியில நின்னுபோச்சு. அப்ப எங்க பக்கம் நட்ட கல்லுல சிலது இன்னும் புதருக்குள்ள கெடக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 10 லட்சத்துக்கு ஒரு பிளாட். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக நூத்துக்கு 9 ரூபா மொத நாளே போச்சு. அதே 10 லட்சத்தை 7 வட்டிக்கு பேங்குல போட்டா பத்து வருஷத்துல ஏறக்குறைய இரட்டிப்பு. அப்படின்னா பிளாட் 20 லட்சத்துக்கு மேல வித்தாத்தான் பேங்குல போட்டவன் பக்கத்துலயே நீங்க நிக்க முடியும். அதுவரை அந்த மண்ணு உங்களுக்கு ஒரு ரூபா தராது.

எங்க கடல்ல முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961ல. சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருந்தா அதிர்ஷ்டம், இல்லைன்னா நஷ்டம். அதுவும் சூதாட்டம்தான். ஆனா ஏலம் எடுத்தவன் சில நாள்ல சிப்பியைக் கழுவிப் பாத்துருவான், உண்மை தெரிஞ்சுரும். உங்க பிளாட்டை யாரும் திறந்து பாக்குறதே இல்ல. மூடுன சிப்பி மாதிரியே கைமாறிக்கிட்டு இருக்கு.

"எங்க காசு, உனக்கென்ன?"ன்னு கேப்பீங்க. எனக்கு இருக்கு. மானாவாரி உளுந்துல நல்ல வருஷம் ஏக்கருக்குச் செலவு போக 15,000 மிஞ்சும். ஏக்கர் 40 லட்சம்னா, அந்த விலையை விளைச்சல்ல எடுக்க 250 வருஷத்துக்கு மேல ஆகும். என் மகன் பக்கத்து ஏக்கரை வாங்கி வெவசாயம் பாக்கலாம்னு நெனச்சான். இனிமே நடக்காது. உங்க பிளாட்டு உடைமரத்துக்குள்ள படுத்துக் கெடக்குற காட்டுப்பன்னி ராத்திரி என் காட்டுக்குத்தான் வருது.

தூத்துக்குடி டவுன்ல வீடு கட்டி வாடகைக்கு விடுறவரை நான் குறை சொல்லல. உப்பளம் வாங்கி உப்பு விளைய வைக்கிறவரையும் சொல்லல. அவங்க சொத்து வேலை செய்யுது. நீங்க ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா, வீடு கட்டுற வரைக்கும் பக்கத்துக் காட்டுக்காரர்ட்ட குத்தகைக்காவது விடுங்க. பெருசா காசு வராது, ஆனா மண்ணு தரிசாகாது.

புரோக்கருக்கு நான் இன்னும் பதில் சொல்லல. புரட்டாசி பொறக்கட்டும். உளுந்தை விதைச்சிட்டுச் சொல்லுதேன்.