நாள் குறிக்கப்படாத இயந்திரம்

ஆண்டுதோறும் பெரும்போகம் நெருங்கும்போது மட்டக்களப்பில் ஆரம்பக் கூட்டங்கள் கூடுகின்றன. நீர்ப்பாசனத் திணைக்களத்தார், கமநல அதிகாரிகள், வங்கியினர், வட்டவிதானைமார், விவசாயிகள் எல்லோரும் வந்து அமர்கின்றனர். விதைப்புத் தொடங்கும் நாள், முடியும் நாள், வாய்க்கால் துப்புரவாக்கும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து அப்புறப்படுத்தும் நாள், குளத்துக் கதவு திறக்கும் நாள் என அனைத்தும் தீர்மானமாகின்றன. மனிதனுக்கு நாள் குறிக்கப்படுகிறது. மாட்டுக்கு நாள் குறிக்கப்படுகிறது. தண்ணீருக்கும் நாள் குறிக்கப்படுகிறது. ஆனால் அந்த நிலத்தை உழுதாக வேண்டிய இயந்திரம் அந்நாளில் ஓடுமா என்ற கேள்வியை, நாம் கண்ட தீர்மானங்களில் எங்கும் காணோம்.

இது சிறிய விடயமென்று நகைப்பவர்கள் விதைப்புக் காலத்தில் ஒருமுறை படுவான்கரைக்கு வரட்டும். ஐந்து ஏக்கர் வயலுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பன், இரண்டு பிள்ளைகள், அடைவு வைத்த நகை, ஒரு இருசில்லு உழவு இயந்திரம்: இவையே அக்குடும்பத்தின் மூலதனம். ஏக்கருக்கு இரண்டு மூன்று புசல் வீதம் விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, பின் சாக்கிலிட்டு முளைகட்டியாயிற்று. இனி அந்த விதை யாருக்காகவும் காத்திராது. வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் வீசி விதைக்க முடியாது. அந்த வேளையில், சேற்றின் நடுவே, இயந்திரம் நின்றுவிடுகிறது. ஒயில் சீல் தேய்ந்து கியர்பெட்டிக்குள் சேற்று நீர் புகுந்துவிட்டது. அல்லது கலப்பட டீசலால் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டது. பிள்ளையொருவன் பழைய பாகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடுகிறான். மட்டக்களப்பிலே இல்லை, கல்முனையிலும் இல்லை. "பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி எடுக்க வேண்டும் தம்பி, மூன்று நாளாகும்" என்கிறார் கடைக்காரர். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புச் சந்தையிலிருந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரப்பர் வளையம் வந்து சேரும்வரை, வீட்டிலே முளைத்த நெல் அழுகிக்கொண்டிருக்கிறது.

மூன்று நாள் தாமதத்தால் என்ன குடி மூழ்கிவிடும் என்று கேட்கலாம். எமது மாவட்டத்திலோ குடி மூழ்கத்தான் செய்கிறது. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகை, மார்கழியிலே கொட்டித் தீர்க்கிறது. அதற்கு முன் வேரூன்றி நிமிர்ந்த பயிர் ஓரளவாவது வெள்ளத்தைத் தாங்கும். பிந்தி முளைத்த இளம்பயிர் நீருக்குள் கிடந்து சாகும். 2011 தையில் வந்த வெள்ளத்தையும், 2024 நவம்பரில் கிழக்கின் வயல்களை மூடிய வெள்ளத்தையும் யாம் மறக்கவில்லை. வெள்ளத்தை எவராலும் தடுக்க இயலாது. ஆனால் வெள்ளத்துக்கு முன் பயிரை நிமிர்த்தும் அந்தச் சில நாட்களை ஒரு உதிரிப்பாகத்துக்காகப் பறிகொடுப்பது இயற்கையின் குற்றமன்று, நிர்வாகத்தின் குற்றம்.

"அப்படியானால் எருமைக்குத் திரும்புங்கள்" என்று உபதேசிக்கும் பட்டணத்துப் பெரியோரும் உளர். எருமைகள் சேறு மிதித்த காலத்தை அறியாதவர்களல்லர் நாம். அன்று எருமை இருந்தது. எருமை மேயத் தரையும் இருந்தது. யுத்தத்தில் பட்டிகள் அழிந்தன. எஞ்சிய கால்நடைகளின் மேய்ச்சல் தரையான மயிலத்தமடு, மாதவணைக்காகப் பண்ணையாளர்கள் 2023 முதல் வீதியில் அமர்ந்து போராட வேண்டியதாயிற்று. மேய்ச்சல் நிலத்தைக் காக்காதவர்களுக்கு எருமையைப் பற்றிப் பேச வாயேது?

"விவசாயி இயந்திரத்தைப் பேணுவதில்லை" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. அறுவடை முடிந்ததும் இயந்திரத்தை மாமரத்தடியில் நிறுத்திவிட்டு, விதைப்புக்கு முதல்நாள் இயக்கிப் பார்ப்பவர் எம்மிடையே உண்டு. ஒயிலை மாற்றாமல், காற்று வடியைக் கழுவாமல் ஓட்டி, எஞ்சினையே தின்றுவிடுவோரும் உண்டு. இதை நாம் மறைக்கவில்லை; நம்மவரைத் திருத்தும் கடமை நமக்குண்டு. ஆயினும் கேட்கிறோம்: ஒரு டொலர் சுமார் 200 ரூபாயாக இருந்து, 2022இல் சில கிழமைகளுக்குள் 360 ரூபாயைத் தாண்டியபோது, இறக்குமதியாகும் ஒவ்வொரு பாகத்தின் விலையும் அதனோடு ஏறியதே, அது விவசாயியின் அசட்டையா? 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து விளைச்சலைச் சரித்தது விவசாயியா? நெல் விற்ற காசு கடனுக்கே போதாதவன், பழுதாகுமுன்பே பாகம் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது எங்ஙனம்?

2022ஐ நினைவூட்டுகிறோம். எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றது. உழவு இயந்திரத்துக்கு டீசல் வேண்டி விவசாயி கொள்கலனுடன் அலைந்தான். விவசாயிகளுக்கும் மீனவர்களுக்குமென்று சீனா நன்கொடையாக அளித்த டீசல் கப்பல் கொழும்புக்கு வந்தது, நன்றி. ஆனால் வந்தது எப்போது? நவம்பர் இறுதியில். மட்டக்களப்பில் விதைப்பு ஓயும் காலம் அது. கொடுப்பவன் மனம் நல்லதாயிருந்தாலும் நாள் தவறிய உதவி, பிணத்துக்கு வார்த்த கஞ்சி. விதைப்பின் நாட்காட்டி கொழும்பின் மேசையில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

படுவான்கரை இதை முன்னரும் கண்டதுண்டு. யுத்த காலத்தில் டீசலும் உரமும் பற்றரியும் உதிரிப்பாகமும் சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்தப்பட்டன. அன்று அது பாதுகாப்பின் பெயரால் நடந்தது. 2009இல் யுத்தம் முடிந்தது. 2014இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டது. வாவியின் இரு கரைகளும் இணைந்தன என்று விழா எடுத்தார்கள். பாலம் வந்ததை நாமும் போற்றுகிறோம். ஆனால் பாலத்தின் மேற்கு முனையில் இன்னும் விவசாயியின் கையில் பழுதான பாகமே இருக்கிறது. அன்று சாவடி தடுத்ததை இன்று அசட்டை தடுக்கிறது. வித்தியாசம் அவ்வளவே!

"தனியார் கடைகள் இருக்க அரசுக்கு ஏன் இந்த வேலை?" என்பர் சந்தையின் பக்தர்கள். கடைக்காரரை நாம் பழிக்கவில்லை. ஆண்டில் சில கிழமைகளே விலைபோகும் பொருளில் முதலைப் புதைத்து வைக்க அவரால் ஆகாது. சந்தை செய்ய இயலாத இடத்தில்தான் பொது நிறுவனம் நிற்கவேண்டும். அதற்குத்தானே கமநல சேவை நிலையங்கள் இருக்கின்றன? அதற்குத்தானே மகா இலுப்பள்ளமையில் பண்ணை இயந்திர ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது? ஆராய்ச்சி அங்கே, சேறு இங்கே. இடையில் ஒரு திருத்தும் கை இல்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று. முதலாவது, ஆரம்பக் கூட்டம் விதைப்பு நாளைக் குறிக்கும்போதே, அதற்கு ஒரு மாதம் முன்னதாக இயந்திரப் பரிசோதனைக்கும் ஒவ்வொரு கமநலப் பிரிவிலும் நாள் குறிக்க வேண்டும். இரண்டாவது, எங்கும் பொதுவாகப் பழுதாகும் பாகங்களான பெல்ட், ஒயில் சீல், கிளச் தட்டு, இன்ஜெக்டர் முனை, ரொட்டவேற்றர் கத்தி ஆகியவற்றைக் கமநல சேவை நிலையங்கள் போகத்துக்கு முன்பே சேமித்து, வாங்கிய விலைக்கே தரவேண்டும். மூன்றாவது, விதைப்புக் காலம் முழுவதும் படுவான்கரையின் வட்டைகளுக்கு ஒரு நடமாடும் திருத்தகம் வரவேண்டும்.

கற்றறிந்த எம் தமிழ் மக்களுக்கும் ஒரு வார்த்தை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது. மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. பொறியியலாளர்கள் வெளிநாடெங்கும் பரந்திருக்கின்றனர். படுவான்கரை நெல்லை உண்டு வளர்ந்த உங்களில் ஒருவர், தம் மாணவர் பதின்மரோடு புரட்டாதியில் ஒரு கிழமை வயலுக்கு வந்தால், எத்தனை இயந்திரங்கள் ஐப்பசியில் எழுந்து நிற்கும்! அரசைக் கேட்பது நம் உரிமை. அரசு வரும்வரை கைகட்டி நிற்பது நம் மரபன்று.

விவசாயிகளே, அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் வாய்மூடி அமராதீர்கள். தண்ணீர் எப்போது திறக்கும் என்று கேட்டபின், எழுந்து நின்று இன்னொன்றையும் கேளுங்கள்: "ஐயா, எங்கள் இயந்திரத்துக்கு எந்த நாள்?" பதில் கிடைக்கும்வரை அமராதீர்கள்.