குடத்துக்குள் வைத்த விளக்கு

செஞ்சி நெல் மண்டி ஒன்றில் கணக்கு எழுதும் சீயமங்கலத்துப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுவடை நேரம். விவசாயி பில்லுக்காக நிற்கிறார். கம்ப்யூட்டர் திரை அப்படியே நின்றுவிட்டது, மவுஸ் நகரவில்லை. பெட்டி செத்துவிட்டதா, இல்லை ஹார்ட் டிஸ்கில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா? அதைச் சொல்லக்கூடியது முகப்பில் இருக்கும் சின்ன விளக்கு மட்டும்தான். மினுக்கினால் காத்திருப்பான். விளக்கே எரியாத பெட்டி என்றால்? பிளக்கைப் பிடுங்குவான். பாதி எழுதிய கணக்கு பாதியில் போகும்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்கும் மேதாவிகளுக்குத்தான் இந்தக் கட்டுரை!

பழைய ஐ.டி.இ. டிஸ்குகளில் இந்த விளக்கை எரியவைக்க ஒரு பின் இருந்தது, 39வது பின். டிஸ்க் வேலை செய்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான். சாட்டா வந்த பிறகு அந்தப் பொறுப்பு பெரும்பாலும் கன்ட்ரோலர் கைக்குப் போனது. ஏ.எச்.சி.ஐ. கன்ட்ரோலர்களில் சில தாமாகவே விளக்கை மினுக்கும். சில மினுக்காது, டிரைவர் சொன்னால்தான் செய்யும். டிரைவர் எழுதியவர் சும்மா இருந்துவிட்டால் விளக்கு இருக்கும், கம்பி இருக்கும், வெளிச்சம் மட்டும் இருக்காது. குடத்திலிட்ட விளக்கு!

லினக்ஸில் இந்தக் குறையைத் தீர்த்தவர் இன்டெலில் இருந்த கிறிஸ்டன் கார்ல்சன் அக்கார்டி. 2008ல் வந்த 2.6.27 கர்னலில் அவருடைய பேட்சுகள் சேர்ந்தன. மூன்றே நிலை: 0 என்றால் மினுக்காதே, 1 என்றால் வேலை நடக்கும்போது மினுக்கு, 2 என்றால் சும்மா இருக்கும்போது எரி, வேலை வந்தால் அணைந்து அணைந்து எரி. ஆனால் கர்னலின் பொதுவான 'டிஸ்க் விளக்கு' வசதி அப்போதும் ஐ.டி.இ.யை மட்டுமே கண்டுகொண்டது. சாட்டாவுக்கும் அது பொதுவானது 2016ல், 4.8 கர்னலில்தான். உலகமே சாட்டாவுக்கு மாறி எத்தனை வருஷம் கழித்து!

எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களைப் பார்ப்போம்.

"வேகம் குறையும்." 7200 ஆர்.பி.எம். டிஸ்க் ஒரு சுற்று சுற்றவே 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. டிரைவர் செய்வதோ ஒரு எண்ணிக்கையைக் கூட்டி, 10 மில்லி செகண்டுக்கு ஒரு டைமர் வைப்பது. 0 நிலையில் அதுவும் கிடையாது. யானை நடக்கும்போது எறும்பின் எடையைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

"பார்ப்பதற்குத்தான் சாஃப்ட்வேர் இருக்கிறதே." திரையே நின்றுபோன பெட்டியில் அந்த சாஃப்ட்வேரை எப்படித் திறப்பதாம்? :-) திரை நின்றாலும் கர்னல் உயிரோடு இருந்து எழுதினால் விளக்கு மினுக்கும். கர்னலே போய்விட்டால் மினுக்காது. இரண்டுமே உண்மையான பதில்.

"பாதுகாப்பு ஆபத்து." இது ஒன்றுதான் உருப்படியான வாதம். டிஸ்க் விளக்கை மினுக்கியே நொடிக்கு 4000 பிட் வரை தகவல் கடத்தலாம் என்று இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல் காட்டினார்கள். சரி, அந்த மாதிரி இடத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். அணைக்கத்தான் டிரைவரில் 0 என்று ஒரு நிலை வைத்திருக்கிறார்கள். ராணுவ ரகசியம் வைத்திருப்பவருக்காக நெல் மண்டிக்காரன் ஏன் இருட்டில் உட்கார வேண்டும்?

2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. கர்னலில் யாரோ ஒருவர் ஒருமுறை சேர்க்கும் சில வரிகள் இப்படித்தான் கிராமத்து வீடு வரை வந்து சேர்கின்றன. சேர்க்காமல் விட்டால் அந்த இருட்டும் அதே வழியில்தான் வரும்.

இன்று பல லேப்டாப்புகளில் டிஸ்க் விளக்கையே எடுத்துவிட்டார்கள். அழகாக இருக்கிறதாம். இருக்கட்டும். விளக்கும் கம்பியும் இருக்கிற பெட்டிகளிலாவது, அதை எரியவைக்காத டிரைவரை முழு டிரைவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது பெட்டிக்குக் காசு கொடுத்தவனின் உரிமை இல்லையா, சொல்லுங்கள்?